மாமரம் ஒரு வருஷம் காய்ச்சுத் தள்ளிட்டு அடுத்த வருஷம் கைவிரிக்கிறது ஏன்? மரத்துக்குள்ள ஓடுற மாவுச்சத்து கணக்கு

மாமரம் வச்சிருக்கிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவாங்க, ஒரு வருஷம் வாது ஒடியற அளவுக்கு காய்க்குது, அடுத்த வருஷம் அதே மரம் அதே தண்ணி அதே உரம் ஆனா வெறும் இலையா நிக்குது. காரணம் கேட்டா பாதி பேரு மரம் ஓய்வெடுக்குதும்பாங்க, மீதி பேரு கண்ணு பட்டுருச்சும்பாங்க. ஓய்வுங்கிறது ஓரளவுக்கு சரிதான், ஆனா அந்த ஓய்வுல மரம் சும்மா இல்ல, உள்ளுக்குள்ள ஒரு பெரிய சேமிப்பு வேலை நடக்குது. வருஷத்துல எந்த மாசம் மரத்துல எவ்வளவு மாவுச்சத்து இருக்குங்கிறது புரிஞ்சிட்டா கவாத்து (அதாவது கிளைய வெட்டி விடுறது), உரம், தண்ணி நிறுத்தறது இதெல்லாம் ஏன் அந்தந்த நேரத்துல செய்ய சொல்றாங்கன்னு தானா விளங்கிரும்.

முதல்ல அடிப்படை. இலை வெயில்ல சர்க்கரை செய்யுது, அது நமக்கு ஸ்கூல்லயே தெரியும். அந்த சர்க்கரை பெரும்பாலும் சுக்ரோஸா, அதாவது நாம காபில போடுற அதே சர்க்கரையா, பட்டைக்கு உள்பக்கமா இருக்கிற மெல்லிய குழாய்கள் வழியா மரம் பூரா போகுது. வேர்ல இருந்து தண்ணி மேல ஏறுறது உள்ள இருக்கிற கட்டை வழியா, சர்க்கரை போறது பட்டை வழியா, இந்த ரெண்டையும் தனித்தனியா மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும். சர்க்கரை எங்க போகும்னா எங்க தேவை இருக்கோ அங்க, அதாவது வளர்ற கொழுந்து, பூ, பிஞ்சு, விதை, வேர் நுனி. எல்லாரும் வாங்குனது போக மிச்சம் இருந்தா அது மாவுச்சத்தா மாறி கட்டைலயும் பட்டைலயும் வேர்லயும் தங்கிடும். ஏன் சர்க்கரையாவே வைக்காம மாவா மாத்தணும்னு கேட்டா, சர்க்கரை தண்ணில கரையும், செல்லுக்குள்ள நிறைய சேர்ந்தா தண்ணிய இழுத்து செல்லை உப்ப வச்சிரும், மாவுச்சத்து கரையாது, எவ்வளவு வேணா அடுக்கி வைக்கலாம். தேவைப்படுறப்ப திரும்ப சர்க்கரையா உடைச்சு அனுப்பிக்கலாம். அந்த காலத்து வீட்ல அறுவடை நெல்லை குதிர்ல கொட்டி வச்சு அடுத்த அறுவடை வரைக்கும் அள்ளி அள்ளி சாப்பிட்ட மாதிரிதான், குதிர் எப்ப நிறையுது எப்ப காலியாகுதுங்கிறதுதான் இங்க நம்ம விஷயம்.

இதே வேலை சின்ன அளவுல தினமும் நடக்குது, பகல்ல இலை செய்யுற சர்க்கரைல ஒரு பங்கு இலைக்குள்ளயே மாவா நிக்கும், ராத்திரி உடைஞ்சு வெளிய போகும். அதை விட்டுருவோம், நமக்கு வருஷ கணக்குதான் முக்கியம்.

கிருஷ்ணகிரி பக்கத்து மாந்தோப்ப எடுத்துக்குவோம். டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் பூ, அறுவடை ரகத்தை பொறுத்து ஏப்ரல் கடைசில தொடங்கி ஜூலை வரைக்கும் போகும், பெங்களூரா, நீலம் எல்லாம் கடைசில வரும். இப்ப அறுவடை முடிஞ்ச அன்னைக்கு மரத்துக்குள்ள என்ன இருக்கும்? ரொம்ப குறைச்சலாதான் இருக்கும். நல்லா காய்ச்ச மரத்துல வருஷத்துலயே மாவுச்சத்து அடிமட்டத்துல இருக்கிற நேரம் அதுதான். எவ்வளவு செலவாகியிருக்கும்னு ஒரு குத்துமதிப்பா கணக்கு போட்டு பாருங்களேன், 300 கிராம் மாம்பழத்துல சதை மட்டும் 200 கிராம்னு வச்சா அதுல 14 சதவீதம் சர்க்கரை, அதாவது ஒரு பழத்துக்கு 28 கிராம். மரத்துல 500 பழம்னா 14 கிலோ சர்க்கரை. இது சதைல இருக்கிற சர்க்கரை மட்டும்தான், கொட்டை, தோல், நார், நடுவுல உதிர்ந்து போன பிஞ்சு, இதையெல்லாம் கட்டுறதுக்கு மரம் மூச்சு விட்டு எரிச்ச சர்க்கரை எதுவும் இதுல சேரல. நாம கூடைல ஏத்தி வித்ததுல பெரும்பங்கு தண்ணின்னாலும் மீதி முழுக்க இலை உழைச்ச காசுதான்.

அப்புறம் ஜூலை ஆகஸ்ட்ல மழை விழுந்ததும் மரம் துளிர் விடும். இங்க பலபேரு நினைக்கிறது துளிர் வந்துட்டா மரம் தெம்பாயிடுச்சுன்னு, ஆனா உண்மை அதுக்கு நேர் எதிர். அந்த செம்பு கலர்ல தொங்குற இளங்கொழுந்து தனக்கே சோறு பொங்கிக்க முடியாத நிலைமைல இருக்கு, இருக்கிற கொஞ்ச நஞ்ச சேமிப்பையும் அது வாங்கித்தான் வளருது. செம்பு கலர் போயி வெளிர் பச்சையாகி அப்புறம் கரும்பச்சையா விறைப்பா ஆகுறதுக்கு ஒரு மாசம் அதுக்கும் மேல பிடிக்கும், அதுக்கு அப்புறம்தான் அந்த இலை வாங்குற பக்கத்துல இருந்து கொடுக்கிற பக்கத்துக்கு மாறும். செப்டம்பர், அக்டோபர், நவம்பர், இந்த மூணு மாசம்தான் தங்கமான மாசம், மரத்துல காயும் இல்ல, பூவும் இல்ல, புது கொழுந்தும் இல்லாம இருந்தா இலை செய்யுற சர்க்கரை வாங்க ஆளில்லாம கட்டைக்கும் வேருக்கும் போயி மாவா குவியும். பூ எடுக்கிறதுக்கு கொஞ்சம் முன்னாடி சேமிப்பு உச்சத்துல இருக்கும். தை மாசத்துல மரம் பூத்து நிக்கிறப்ப அழகா இருக்குன்னு போட்டோ எடுக்கிறோம் இல்லையா, அந்த ஒவ்வொரு பூங்கொத்துலயும் ஆயிரக்கணக்குல பூ, அதுல முக்கால்வாசி ஆண் பூ, காயே ஆகாது, ஆனாலும் எல்லாத்துக்கும் சர்க்கரை போகணும், அது பெரும்பாலும் புரட்டாசி ஐப்பசில சேர்த்து வச்சதுல இருந்துதான் போகுது.

பூ முடிஞ்சதும் சேமிப்பு சரசரன்னு இறங்கும். அப்ப இருந்து பிஞ்சுகளுக்குள்ள போட்டி. கடுகு சைஸ்ல கொட்டும், பட்டாணி சைஸ்ல கொட்டும், கோலிகுண்டு சைஸ்லயும் கொட்டும். மருந்தடிக்கலயேன்னு பதறுவாங்க, பூச்சி நோய் தண்ணி காரணமாவும் கொட்டும்தான், ஆனா அதுல பெரும்பகுதி மரம் தன்னோட சர்க்கரை வரவுக்கு தகுந்த மாதிரி குடும்பத்தை அளவா வச்சுக்கிறது. ஆப்பிள் தோட்டத்துல இதுக்கு ஒரு கை கணக்கே இருக்கு, ஒரு நல்ல சைஸ் பழத்துக்கு 30ல இருந்து 40 இலை வேணும்பாங்க, அதுக்கு மேல பிஞ்சு நின்னா அவங்களே கையால உதிர்த்து விட்டுருவாங்க. நம்மூர்ல பிஞ்சை கிள்ள சொன்னா யாருக்கு மனசு வரும்.

சரி இப்ப முதல் கேள்விக்கு வருவோம். அமோகமா காய்ச்ச வருஷம் மரம் ஜூன் ஜூலை வரைக்கும் காயை சுமந்துட்டு நிக்குது, சேமிப்பு காலி. அதனால அறுவடைக்கு அப்புறம் துளிர் விடவே தெம்பு இருக்காது, இல்லன்னா லேட்டா அக்டோபர் நவம்பர்ல வடகிழக்கு மழைக்கு துளிர் விடும். அந்த துளிர் டிசம்பர்ல இன்னும் இளசா இருக்கும், இளசான தளிர்ல பூ வராது, அந்த வருஷம் போச்சு. காயே இல்லாத அந்த வருஷத்துல இலை மட்டும் வேலை செஞ்சு சேமிப்பு வழிய வழிய ஏறும், அதுக்கு அடுத்த வருஷம் மறுபடியும் கிளை ஒடிய காய்க்கும். அல்போன்சா, வடக்க இருக்கிற லங்க்ரா, தஷேரி எல்லாம் இந்த குணத்துக்கு பேர் போனது, நம்ம நீலம், பெங்களூரா அந்த அளவுக்கு ஏமாத்தாது. டெல்லி பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்துல நீலத்தையும் தஷேரியையும் இனக்கலப்பு செஞ்சு மல்லிகா, ஆம்ரபாலின்னு ரெண்டு ரகம் 1970கள்ல கொண்டு வந்தாங்களே, அது வருஷா வருஷம் காய்க்கிற குணத்துக்காகவும்தான்.

மாமரத்துக்கு மட்டும்தான் இப்படின்னு நினைக்காதீங்க. இஸ்ரேல்ல வில்கிங்னு ஒரு கமலா ஆரஞ்சு ரகம் இருக்கு, காய்ச்சா பேய்த்தனமா காய்க்கும், இல்லன்னா ஒண்ணுமே காய்க்காது. 1980கள் தொடக்கத்துல அதை வேரோட தோண்டி எடுத்து எந்த பாகத்துல எவ்வளவு மாவுச்சத்துன்னு அளந்து பார்த்தாங்க, காய்க்காத வருஷத்து மரத்துல எல்லா பாகத்துலயும் அதிகம், ஆனா வித்தியாசம் ரொம்ப பெருசா தெரிஞ்சது வேர்லதான். காய் நிறைய இருக்கிறப்ப முதல்ல பட்டினி கிடக்கிறது வேர்னு அர்த்தம், ஏன்னா அது இலைல இருந்து ரொம்ப தூரத்துல கடைசில இருக்கு, நடுவுல காய் எல்லாத்தையும் வாங்கிக்குது. அமெரிக்காவுல புளோரிடால மர்காட்னு இன்னொரு கமலா ரகம் இன்னும் மோசம், அளவுக்கு மீறி காய்ச்ச வருஷம் வேர்ல சத்தே இல்லாம போயி காயோட அப்படியே சரிஞ்சு மரமே செத்துப் போகும், அதுக்கு மர்காட் கொலாப்ஸ்னு பேரே வச்சுட்டாங்க.

குளிர் பிரதேசத்து மரங்கள்ல இந்த ஏற்ற இறக்கம் இன்னும் பளிச்சுன்னு தெரியும். இமாச்சல், காஷ்மீர் ஆப்பிள் மரத்துல குளிர்காலம் முழுக்க ஒரு இலை இருக்காது, அப்ப மார்ச் ஏப்ரல்ல பூக்கிறதுக்கும் முதல் இலை விடுறதுக்கும் எங்க இருந்து வரும்? முழுக்க போன வருஷத்து சேமிப்புதான். இலை கொட்டுற நேரத்துல மாவுச்சத்து உச்சத்துல இருக்கும், கடும் குளிர்ல அதுல ஒரு பகுதி சர்க்கரையா மாறும், அந்த சர்க்கரை செல்லுக்குள்ள தண்ணி சீக்கிரம் உறையாம பார்த்துக்கும், அதாவது சாப்பாட்டையே ஸ்வெட்டரா போட்டுக்குது. வசந்தத்துல மொட்டு விரிஞ்சதும் மளமளன்னு இறங்கி, பூ முடிஞ்ச சில வாரத்துல அடிமட்டத்தை தொட்டு, புது இலை வேலையை ஆரம்பிச்சதும் திரும்ப ஏறும். அங்க மார்சோனினாங்கிற பூஞ்சை நோய் வந்து இலை முன்கூட்டியே ஆகஸ்ட் செப்டம்பர்லயே கொட்டிரும், அந்த வருஷத்து காய் ஓரளவு கைக்கு வந்துருச்சேன்னு விட்டா அடுத்த வசந்தத்துல பூ குறைச்சலா பலவீனமா வரும். இலை போனது ஒரு வருஷம், அடி விழுறது அடுத்த வருஷம்.

திராட்சையில இதை வச்சே ஒரு வேளாண் முறையே இருக்கு. நாசிக் பக்கம் வருஷத்துக்கு ரெண்டு தடவை கவாத்து பண்ணுவாங்க, ஏப்ரல்ல ஒண்ணு அக்டோபர்ல ஒண்ணு, ஆனா அறுவடை ஒரு தடவைதான். ஏப்ரல் கவாத்துக்கு அப்புறம் வர்ற கொடில பழம் எடுக்கவே மாட்டாங்க, அது பூரா கொடி முத்தி பழுப்பு நிறமாகி உள்ள மாவுச்சத்து சேரட்டும்னு விடுறது, அக்டோபர்ல வெட்டினதும் அந்த சேமிப்பை வச்சுத்தான் கொத்து கிளம்பும். நம்ம கம்பம் பள்ளத்தாக்குல பன்னீர் திராட்சை கதை வேற, அங்க வருஷம் பூரா அறுவடைன்னு ஓட்டுறாங்க, ஒரு அறுவடைக்கும் அடுத்த கவாத்துக்கும் நடுவுல கொடிக்கு கொடுக்கிற இடைவெளிய குறைச்சா கொத்து சின்னதாகும்னு அங்க தோட்டக்காரங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல.

நம்ப முடியலன்னா நீங்களே ஒரு டெஸ்ட் பண்ணி பார்க்கலாம், பெரிய லேப் எல்லாம் வேணாம். மெடிக்கல்ல அயோடின் டிங்ச்சர் சின்ன பாட்டில் வாங்கி கொஞ்சம் தண்ணி கலந்து வச்சுக்கோங்க. நவம்பர் கடைசில பென்சில் கனத்துக்கு ஒரு வாது எடுத்து கூரான கத்தியால சாய்வா ஒரே வெட்டா வெட்டி, வெட்டுன முகத்துல ரெண்டு சொட்டு விட்டு ஒரு நிமிஷம் பொறுங்க. மாவுச்சத்து இருக்கிற இடம் கருநீலமா மாறும், நடுவுல இருந்து பட்டை பக்கமா சைக்கிள் சக்கரத்து கம்பி மாதிரி மெல்லிசா கருங்கோடு போறது தெரியும், சேமிப்பு செல்லுங்க வரிசையா அப்படித்தான் அடுக்கி இருக்கும். அதே மரத்துல அறுவடை முடிஞ்சதும் இன்னொரு வாதை அதே கனத்துல வெட்டி விடுங்க, அந்த கருங்கோடு வெளுத்துப் போயி அயோடினோட பழுப்பு கலர்தான் தூக்கலா தெரியும். இன்னும் சுவாரசியம் வேணும்னா காய்ச்ச மரத்துலயும் காய்க்காத மரத்துலயும் ஒரே நாள்ல எடுத்து பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க. இது எவ்வளவு சதவீதம்னு எல்லாம் சொல்லாது, கூட குறைச்சல்தான் காட்டும், அது போதும்.

இங்க ஒரு விஷயத்தை அடிச்சு சொல்லணும், ஏன்னா யூடியூப்ல நிறைய பேரு தப்பா சொல்லிட்டு திரியறாங்க. மாவுச்சத்து நிறைஞ்சா மரம் தானா பூத்துரும்னு கிடையாது. 1918ல அமெரிக்காவுல கிராஸ், கிரேபில்னு ரெண்டு பேரு தக்காளி செடில ஆராய்ச்சி பண்ணி, செடிக்குள்ள கார்போஹைட்ரேட்டுக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதத்தை பொறுத்துதான் இலையா தழைக்குமா காயா காய்க்குமாங்கிறது மாறுதுன்னு சொன்னாங்க, அது ரொம்ப நாள் பாடப்புத்தகத்துல வேதவாக்கா இருந்துச்சு. அதுல விஷயம் இல்லாம இல்ல, செப்டம்பர் அக்டோபர்ல யூரியாவ அள்ளி போட்டா மரம் பூக்காம துளிர் விடுறதை கண்ணாலயே பார்க்கலாம். ஆனா பூக்க சொல்லி உத்தரவு போடுறது வேற, இலைல உண்டாகி மொட்டுக்கு போற ஒரு சமிக்ஞை, மாமரத்துல அதுக்கு குளிர்ந்த ராத்திரியும் முத்தின தளிரும் வேணும், கூடவே விதைல உண்டாகுற ஜிப்ரெலின்ங்கிற ஹார்மோன் அடுத்த வருஷத்து பூவ அமுக்கி வைக்கும்னும் கண்டுபிடிச்சிருக்காங்க. உத்தரவு வந்தும் சேமிப்பு இல்லன்னா பூ பேருக்கு வந்து உதிரும், சேமிப்பு இருந்தும் உத்தரவு வரலன்னா இலைதான் வரும். ரெண்டும் சேரணும்.

இதை புரிஞ்சுகிட்டா தோட்டத்துல செய்யுற பல வித்தைக்கு காரணம் தெரியும். கொய்யாவுக்கும் எலுமிச்சைக்கும் கொஞ்ச நாள் தண்ணிய நிறுத்தி காய போடுறாங்களே, தண்ணி குறைஞ்சா முதல்ல நிக்கிறது துளிர் வளர்ச்சி, இலை சர்க்கரை செய்யுறது அதுக்கு அப்புறம்தான் குறையும், அந்த இடைவெளில செலவு இல்லாம வரவு மட்டும் ஓடும். பட்டைய மோதிரம் மாதிரி கால் அங்குலத்துக்கு உரிச்சு எடுக்கிறதும் இதேதான், சர்க்கரை போற வழி பட்டைன்னு சொன்னேன்ல, அதை வெட்டிட்டா மேல செஞ்ச சர்க்கரை கீழ வேருக்கு இறங்க முடியாம கிளைலயே தேங்கும், தண்ணி கட்டை வழியா ஏறிட்டே இருக்கிறதால கிளை வாடாது. ஆனா உரிச்ச இடம் ஆறுற வரைக்கும் வேர் பட்டினி, அதனால மரம் பூரா அடிமரத்துல உரிக்கிறது சூதாட்டம், ரெண்டு மூணு வாதுல பண்றது வேற. பிலிப்பைன்ஸ்ல முன்னெல்லாம் மாமரத்துக்கு கீழ நாள் கணக்கா புகை போட்டு பூக்க வைப்பாங்க, 1970கள்ல ரமோன் பார்பாங்கிற விஞ்ஞானி பொட்டாசியம் நைட்ரேட் தெளிச்சாலே போதும்னு காட்டினாரு, ஆனா அதுவும் முத்தின தளிர்லதான் வேலை செய்யும், இளசுல தெளிச்சா காசுதான் வீண்.

எல்லாரும் கேக்குறது பேக்ளோபியூட்ரசால் பத்தி. மரத்தடி மண்ணுல ஊத்துற மருந்து, ஜிப்ரெலின் உற்பத்திய அமுக்கி துளிர நிறுத்திரும், செலவு நின்னதால சேமிப்பு ஏறும், பூவும் முன்னாடியே வரும். சரியான அளவுல, நல்லா வளர்ந்த மரத்துக்கு, உரம் தண்ணியோட கொடுத்தா பலன் இருக்கு, மறுக்கல. பிரச்சனை எங்கன்னா தோப்ப ஒண்ணு ரெண்டு வருஷத்துக்கு குத்தகைக்கு எடுக்கிறவருக்கு மரத்தோட அடுத்த பத்து வருஷத்தை பத்தி என்ன கவலை, வருஷா வருஷம் ஊத்தி எடுத்துட்டு போயிருவாரு, மருந்து மண்ணுல தங்கி தங்கி தளிர் குட்டை குட்டையா, பூங்கொத்து நெருக்கமா சுருண்டு, இலையே குறைஞ்சு போயி கடைசில குத்தகை முடிஞ்சு மரம் உங்க கைக்கு வர்றப்ப எலும்பும் தோலுமா இருக்கும். குத்தகை பத்திரத்துல இந்த மருந்து ஊத்தக்கூடாது, இல்ல இத்தனை வருஷத்துக்கு ஒரு தடவைதான்னு எழுதி வாங்கிக்கிறது என்னை கேட்டா எல்லா உரத்தையும் விட முக்கியம்.

மத்தபடி செய்ய வேண்டியது சிம்பிள்தான். காயை விலை ஏறும்னு தேவைக்கு மேல மரத்துலயே விட்டு வைக்காதீங்க, ஒவ்வொரு வாரமும் அடுத்த துளிருக்கான நேரத்தை தின்னுது. பறிச்ச கையோட காய்ஞ்ச பூந்தண்டு, நோய் வாது எல்லாம் கவாத்து பண்ணிட்டு உரத்தை அப்பவே வைங்க, ஆகஸ்டுக்குள்ள ஒரு நல்ல துளிர் வந்து நவம்பருக்குள்ள முத்தணும், அதுதான் இலக்கு. அந்த இலைய இலைவெட்டுப் புழுவுக்கும் சாம்பல் நோய்க்கும் விட்டுக்கொடுக்காதீங்க, மரத்துல காய் இல்லையேன்னு அந்த மாசம் தோப்பு பக்கமே போகாம இருக்கிறவங்கதான் அதிகம். செப்டம்பர் தொடங்கிட்டா நைட்ரஜன் உரம் வேண்டாம், தண்ணியையும் குறைச்சு பூ வந்து பிஞ்சு பிடிச்ச பிறகு கொடுங்க.

மொட்டை மாடில டிரம்ல ஒட்டு மா வச்சிருக்கிறவங்களுக்கு ஒண்ணு மட்டும், நர்சரில வாங்கினப்பவே ரெண்டு பூங்கொத்து இருந்துச்சு காய் வருமான்னு கேக்குறீங்க, வரும், ஆனா அந்த கன்னுல இலையும் வேரும் சேர்த்தே ஒரு காய்க்கு பத்தாது. முதல் மூணு வருஷம் பூவ கண்டதும் கிள்ளி போட்டுருங்க, நாலாவது வருஷம் நாலு காய் விடுங்க.